மண்சரிவுக்கு முன்னே இறங்குவது: லயத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இரவு பதினொரு மணி. மழை கொட்டுகிறது, கரண்ட் போய்விட்டது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான பன்னிரண்டு காம்பரா (ஒரு குடும்பத்து அறை) லயத்தின் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) எல்லோரும் கூடி நின்று "போவமா, இருப்பமா" என்று பேசுகிறார்கள். ஒருவர் வானத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் ஆட்டுக் கொட்டிலைப் பார்க்கிறார். "நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து பாக்குறேன், இந்த மலை அசைஞ்சதே இல்ல" என்கிறார் ஒரு பாட்டி. பேச்சு அதோடு முடிந்துவிடும். எல்லோரும் உள்ளே போய்ப் படுத்துவிடுவார்கள்.

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் அனர்த்தக் குழுவில் பல மழைக்காலம் நின்ற எனக்கு இந்தக் காட்சி மனப்பாடம். நனைந்துபோய், இருட்டில், பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்போது யாராலும் ஒழுங்காக யோசிக்க முடியாது. அதனால் இங்கே சொல்லும் வேலையில் முக்கால்வாசி வெயில் நாளில் செய்வது. மழை இரவில் செய்ய மிச்சம் வைக்க வேண்டியது நடப்பது ஒன்றைத்தான்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே பை கட்டத் தொடங்குகிறார்கள். எங்கே போகிறோம், எப்போது போகிறோம் என்று தெரியாமல் கட்டிய பை கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும்.

எப்போது தொடங்குவது? ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை போன்ற மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கும், ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை கனமழைக் காலம், அங்கே செப்டெம்பருக்குள். ஒக்டோபர், நவம்பர் இடிமழையும் புயலும் மட்டும் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை.

கையில் வேண்டியவை: அடிப்பாகம் முதல் வாய் வரை ஒரே அகலமான போத்தல் அல்லது டப்பா ஒன்று, பள்ளிப் பிள்ளையின் 15 சென்ரிமீற்றர் அடிமட்டம், ஒரு கொப்பி, அழியாத மை பேனா, ஒரு மீற்றர் நீளக் குச்சி, கொஞ்சம் ஆணி, டோர்ச். இவ்வளவுதான். இதில் காசு போட்டு வாங்க வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை.

1. முதலில் வீட்டுக்கு மேலே ஏறிப் பாருங்கள்

நாம் வீட்டு முற்றத்தில் நின்று மலையைப் பார்த்துப் பழகியவர்கள். ஆபத்து அங்கிருந்து தெரியாது. லயத்துக்குப் பின்னால் ஏறி, குறைந்தது மேலே இருக்கும் அடுத்த பாதை வரைக்கும் போய், அங்கிருந்து கீழே பாருங்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஒருவர் பழைய ஆளாக இருக்கட்டும்; முன்பு எங்கே தண்ணீர் ஓடியது, எங்கே மண் இறங்கியது என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலில் தேட வேண்டியது பள்ளத்தை. இரண்டு மேடுகளுக்கு நடுவே கரண்டி போலக் குழிந்து இறங்கும் இடம். பல வருடமாக மேலிருந்து கழுவி வந்த தளர்ந்த மண்ணும் கல்லும் அங்கேதான் தங்கியிருக்கும், மழை நீரும் அங்கேதான் வந்து சேரும். அடியில் இருக்கும் பாறைக்கும் மேலிருக்கும் மண்ணுக்கும் நடுவே நீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது, மண்ணைப் பாறையோடு பிடித்து வைத்திருக்கும் பிடி விட்டுப்போகிறது. சேறும் கல்லுமாக வரும் சரிவு அந்தப் பள்ளத்து வழியாகவே இறங்கும். உங்கள் லயம் அதன் வாய்க்கு நேரே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. "எங்க வீடு சமதரையில்தானே இருக்கு" என்பது பதில் ஆகாது. சேறு சமதரைக்கு வந்த பிறகும் நிறையத் தூரம் ஓடும்.

அடுத்தது சரிவின் அளவு. மீற்றர் குச்சியின் ஒரு நுனியை நிலத்தில் வைத்து, மறு நுனியைக் கீழ்ப்பக்கமாகக் கிடையாகப் பிடியுங்கள். கிடைதானா என்று பார்க்கப் பாதி நீர் உள்ள ஒரு போத்தலைக் குச்சி மேல் படுக்க வைத்தால் போதும். அந்த நுனியில் இருந்து நிலம் 58 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் சரிவு 30 பாகை. அதை நெருங்கினாலோ தாண்டினாலோ அந்த இடத்தைக் கொப்பியில் சிவப்பால் குறியுங்கள். இது பொறியியலாளர் செய்யும் வேலைக்கு மாற்று இல்லை. ஆனால் பின்னால் அதிகாரிகளிடம் பேசும்போது "ரொம்பச் சரிவுங்க சேர்" என்பதைவிட ஓர் எண்ணைச் சொன்னால் காது கொடுப்பார்கள்.

கடைசியாக, லயத்தின் பின்சுவருக்கும் வெட்டிய மண்சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். குசினி நீட்டவும் குளியலறை கட்டவும் அடிமண்ணைச் சுரண்டிச் சுரண்டி, பல இடங்களில் ஓர் ஆள் நுழையும் இடம்கூட மிச்சம் இல்லை. பெரிய மலைச்சரிவைவிட இந்தப் பின்சுவர் சரிவுதான் அடிக்கடி நடப்பது. செய்திக்கு வராததால் நாம் அதை எண்ணுவதில்லை.

2. தண்ணீருக்கு வழி விடுங்கள்

மழையை நிறுத்த முடியாது. ஆனால் அது மண்ணுக்குள் இறங்குமா, மேலால் ஓடிப்போகுமா என்பதில் நமக்குக் கொஞ்சம் கை இருக்கிறது. லயத்துக்கு மேலே உள்ள கான்களை (நீர் ஓடும் வாய்க்கால்களை) வாயில் இருந்து முடிவு வரை நடந்து பாருங்கள். பாதிக் கான் சுத்தம் செய்வது செய்யாததைவிட மோசம்: மேலே வேகமாக வரும் நீர் அடைப்பில் தேங்கி, அந்த ஓர் இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கும். எங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) ஒருமுறை சிரமதானம் போட்டு, எல்லோரும் சேர்ந்து மேல் கானை அழகாக வெட்டினோம், அதன் முடிவில் இருந்த மதகைப் பார்க்க மறந்துவிட்டோம். அந்த மழைக்கு லயத்தின் கடைசிக் காம்பராவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அந்த வீட்டு அக்கா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அதைத்தான் முதலில் சொல்லுவார்.

பீலித் தண்ணீர் (மலை ஊற்று நீர்) வரும் குழாயில் கசிவு, குளியலறைக் கழிவு நீர் பின்சுவரடியில் விழுவது, மரக்கறிப் பாத்திகள் தண்ணீரைப் பிடித்து வைப்பது, இவை மூன்றும் வெயில் நாளிலும் மண்ணை நனைத்துக்கொண்டே இருப்பவை. தோட்டத்துக்குச் சொந்தமான கானைத் தொடும் முன் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வீண் சச்சரவு வேண்டாம்.

மழை நாளில் கான் வெட்டப் போகாதீர்கள். சரியப்போகும் மண்ணுக்குக் கீழே மம்பட்டியோடு நிற்பது போன்றது அது.

3. மழைமானி வையுங்கள்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்துத்தான் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. அது பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். மலையகத்தில் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் துணி காயும். அவர்களின் கருவி அடுத்த பள்ளத்தாக்கில் இருந்தால் உங்கள் மழை அதில் பதியாது. அதனால்தான் உங்கள் லயத்துக்கென்று ஒன்று வேண்டும்.

செய்வது சுலபம். போத்தலின் கழுத்துப் பகுதியை, அகலம் குறையத் தொடங்கும் இடத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள். அடிப்பாகம் வளைந்து மேடு பள்ளமாக இருக்கும். அதில் சிறு கற்களைப் போட்டு, சமமான பகுதி தொடங்கும் வரை நீர் ஊற்றி, அந்த இடத்தில் பூச்சியக் கோடு போடுங்கள். அடிமட்டத்தின் பூச்சியத்தை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்து ஒட்டுங்கள். அடிமட்டத்தின் விளிம்பும் பூச்சியமும் ஒன்றில்லை, கவனம். போத்தலின் வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால், உள்ளே நீர் ஒரு மில்லிமீற்றர் ஏறினால் ஒரு மில்லிமீற்றர் மழை. கணக்கு எதுவும் வேண்டாம். 7.5 சென்ரிமீற்றரில் மஞ்சள், 10இல் செம்மஞ்சள், 15இல் சிவப்புக் கோடு போடுங்கள். ஏன் இந்த எண்கள் என்பது அடுத்த படியில்.

வைக்கும் இடம்தான் பலரும் சறுக்கும் இடம். கூரை, மரம், சுவர் எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். மூன்று மீற்றர் கூரை என்றால் ஆறு மீற்றர். நிலத்தில் வைத்தால் தெறிக்கும் நீர் உள்ளே விழும், அதனால் ஒரு கம்பில் கட்டுங்கள். போத்தலின் வாய் கம்பின் நுனிக்கு மேலே நிற்கட்டும். டோர்ச் வெளிச்சத்தில் போய்ப் பார்க்கக்கூடிய இடமாகவும், சரிவின் அடியில் இல்லாத இடமாகவும் இருக்க வேண்டும்.

எங்கள் முதல் மழைமானியைக் கூரைத் தகரத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்தோம். ஒரு சாதாரண மழை இரவில் அது நிரம்பி வழிந்தது. நள்ளிரவில் லயத்தையே எழுப்பிப் பாடசாலைக்குக் கொண்டுபோனோம். காலையில் பார்த்தால் தகரத்து நீர். அடுத்த தடவை நாங்கள் கதவைத் தட்டியபோது நாலு குடும்பம் எழும்பவே இல்லை. பொய் எச்சரிக்கையின் விலை அன்றைக்குத் தெரியாது, அடுத்த முறைதான் தெரியும்.

4. எண்ணை முடிவாக மாற்றுங்கள்

நாட்டில் பயன்படும் எல்லைகள் இவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ சிவப்பு: வெளியேற வேண்டும். பள்ளிக்கூட அடிமட்டத்தின் நீளமும் சிவப்பு எல்லையும் ஒன்றாக இருப்பது நமக்கு வாய்த்த வசதி. அடிமட்டம் முழுகினால் பேச்சில்லை.

வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு 24 மணித்தியால மழையைக் கணக்கெடுக்கிறது. இதைக் கேட்டுவிட்டுப் பலர் காலை 8.30க்குப் போத்தலைக் கவிழ்த்து, கணக்கையும் பூச்சியத்தில் தொடங்குகிறார்கள். மலைக்கு 8.30 தெரியாது. நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி இன்று பத்து மணி வரை பெய்தால் அது ஒரே மழை. எனவே கனமழை நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து, இடையில் எவ்வளவு கூடியது என்று கொப்பியில் எழுதுங்கள். கடைசி எட்டு வரிகளைக் கூட்டினால் 24 மணித்தியால மழை எந்த நேரத்திலும் கையில் இருக்கும். போத்தல் நிரம்பப்போகிறது என்றால் எழுதிவிட்டுப் பூச்சியக் கோடு வரை நீரை வெளியே ஊற்றிவிடுங்கள். மழை வெறிகொண்டு கொட்டினால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

இதில் எங்கள் குழு சேர்த்துக்கொண்ட இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, மூன்று நாளாக விடாமல் பெய்து மண் ஊறியிருந்தால் ஒரு படி முன்னே போகிறோம்: மஞ்சளைச் செம்மஞ்சளாகவும், செம்மஞ்சளைச் சிவப்பாகவும் எடுத்துக்கொள்கிறோம். நிறைந்த குடத்துக்கு ஒரு செம்பு போதும். இரண்டாவது, மாலை ஐந்து மணிக்குச் செம்மஞ்சளாக இருந்து மழை விடும் அறிகுறி இல்லை என்றால், சிவப்புக்குக் காத்திருக்காமல் வெளிச்சத்திலேயே இறங்குகிறோம். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் இருட்டில் வழுக்கும் படியில் இறக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

இந்த எல்லைகளை ஒரு கூட்டத்தில் எல்லாக் குடும்பங்களும் கேட்டு, சம்மதித்து, கொப்பியில் கையெழுத்து வைக்கட்டும். சம்பிரதாயத்துக்காக இல்லை. மழை இரவில் "யாரு உன்னை முடிவெடுக்கச் சொன்னது" என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு கையெழுத்து இருக்கும்.

உத்தியோகபூர்வ எச்சரிக்கை சிவப்பாக வந்து, உங்கள் போத்தல் 60 காட்டினால்? இறங்குங்கள். இரண்டில் எது கூடுதலோ அதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் மழைமானி எச்சரிக்கையைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது.

5. மலை தரும் அறிகுறிகளைப் படியுங்கள்

மழை எண் எதுவாக இருந்தாலும், கீழே சொல்பவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினால் எண்ணை மறந்துவிடலாம்.

முதலாவது நிலவெடிப்பு. கோடையிலும் மண் வெடிக்கும், அதைப் பார்த்து ஊரைக் கூட்டுபவர்களும் உண்டு. வித்தியாசம் இப்படி: காய்ந்து வெடித்த மண் வலை போல எல்லாப் பக்கமும் பிரியும். சரியப்போகும் மண்ணின் வெடிப்பு சரிவுக்குக் குறுக்கே ஒரே கோடாக, பெரும்பாலும் பிறை போல வளைந்து ஓடும். கோட்டுக்குக் கீழ்ப்பக்க நிலம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். விரல் நுழையும் அகலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். தேயிலைச் செடிக்கு அடியில் மறைந்திருக்கும் என்பதால் கொழுந்து எடுக்கும் பெண்கள்தான் இதை முதலில் காண்பவர்கள். அவர்களிடம் கேளுங்கள்.

வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டை அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி தூரத்தைத் திகதியோடு எழுதுங்கள். மழை இல்லாத நாளில், வாரம் ஒருமுறை போய் அளந்தால் போதும். மழை நாளில் அங்கே ஏறவே கூடாது. தூரம் கூடியிருந்தால் நிலம் நகர்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். வெடிப்புக்குள் மழைநீர் நேராக இறங்காதபடி களிமண்ணால் அடைத்துப் பொலித்தீனால் மூடுவது நல்லது. அதையும் வெயிலில்தான் செய்ய வேண்டும். மூடியதால் ஆபத்து போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வீட்டுக்குள்ளே: சாந்து மட்டும் வெடித்த மயிர்க்கோடு பயப்பட வேண்டியது இல்லை. கல்லின் ஊடாகக் குறுக்காக ஏறும் வெடிப்பு, அதற்கு நேராகத் தரையிலும் வெடிப்பு, அடுத்தடுத்த காம்பராவிலும் அதே கோடு என்றால் விஷயம் வேறு. வெடிப்புக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கதவு இறுகுவதும் ஓர் அறிகுறிதான், ஆனால் மழைக்கு மரமும் ஊதும். கதவின் மேல் மூலை ஒன்றில் மட்டும் உரசி, எதிர்ப்பக்கம் இடைவெளி விட்டால் சட்டம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

வெளியே மரங்களும் கரண்ட் கம்பங்களும் புதிதாகச் சாய்வது, கம்பிகள் ஒரு பக்கம் தொய்ந்து மறுபக்கம் இழுபடுவது, கல்கட்டுச் சுவர் வயிறு தள்ளுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். அடியில் மட்டும் வளைந்து பிறகு நேராக வளர்ந்த மரம் பழைய கதை. அந்த மண் வருடக்கணக்காக மெல்ல நகர்ந்திருக்கிறது. நேற்றுவரை நேராக நின்ற மரம் இன்று சாய்ந்தால் அது இன்றைய கதை.

தண்ணீரைப் பற்றிய மூன்று அறிகுறிகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். இல்லாத இடத்தில் புது ஊற்று. தெளிவாக வந்த பீலியில் திடீரெனச் சேற்று நிறம், அல்லது நீரே நின்றுபோவது. மூன்றாவது எல்லாவற்றிலும் மோசமானது: மழை கொட்டும்போதே ஓடையில் நீர் குறைவது. மேலே மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது, அது உடைத்துக்கொண்டு வரும். "ஆறு வத்திருச்சு, இனிப் பயமில்ல" என்று பார்க்கப் போவதுதான் புதியவர்கள் செய்யும் உயிர்போகும் பிழை.

அறிகுறி கண்டால் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அன்றே சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, எந்த நேரமும் அழைக்கலாம். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், பிரதேச செயலகத்துக்குக் கடிதமும் கொடுத்து, திகதி முத்திரை வைத்த பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கும், பின்னால் மாற்றுக் காணி கேட்பதற்கும் அந்தத் தாள்தான் நிற்கும்.

6. எங்கே, எந்த வழியால்

போகும் இடத்தையும் படி 1இல் செய்தது போலவே ஏறிப் பாருங்கள். மலையகத்தில் பாடசாலையும் கோயிலும் பிள்ளைக் காம்பராவும்கூட (தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஏதோ ஒரு சரிவின் அடியில்தான் இருக்கும். முகட்டின் மூக்கில், பள்ளத்தில் இருந்து விலகி நிற்கும் கட்டடம் நல்லது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நாங்கள் ஒருமுறை நாற்பது பேரோடு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். இப்போது சாவி இரண்டு. ஒன்று லயத்திலேயே இருக்கிறது.

வழி ஓடையையோ மதகையோ கடக்கக் கூடாது. கடந்தே ஆக வேண்டும் என்றால், அந்த லயம் மற்றவர்களுக்கு முன்னதாக, மஞ்சளிலேயே இறங்க வேண்டும். நீர் ஏறிய பிறகு அந்த வழி இல்லை. குறுக்குப் பாதை வேண்டாம், நேரம் கூடினாலும் அகலமான பாதை. பகலில் ஒருமுறை, இரவில் டோர்ச்சோடு ஒருமுறை எல்லோரும் நடந்து பாருங்கள். இரவு ஒத்திகையில் மட்டும்தான் உடைந்த படி எது என்று தெரியவரும்.

7. பை

ஒரு குடும்பத்துக்கு ஒன்று, ஒருவர் தோளில் போடும் பாரம். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிப் பத்திரங்கள், கிளினிக் கொப்பி, ஒரு வாரத்து மருந்து: இவை பொலித்தீனில் கட்டி முதலில். பிறகு டோர்ச், பெற்றரி, பிஸ்கட், தண்ணீர், பால்மா, பெண்களுக்கான துவாய், மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்று உடுப்பு. பிள்ளைகளின் பாடக் கொப்பிகளுக்கு இடம் விடுங்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு இடமில்லை.

8. யார் யாரை எழுப்புவது

லயத்துக்கு இரண்டு பொறுப்பாளர், ஒரு ஆண், ஒரு பெண். ஒவ்வொரு காம்பராவிலும் எத்தனை பேர், யாருக்கு நடக்க முடியாது, யார் கர்ப்பிணி, யார் கொழும்பில் வேலை, யார் லீவுக்கு வந்திருக்கிறார் என்ற பட்டியல் இருவர் கையிலும் வேண்டும். வந்திருப்பவர்களைச் சேர்க்க மறப்பதுதான் வழக்கமான ஓட்டை. நடக்க முடியாதவருக்கு இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "எல்லாரும் சேர்ந்து தூக்குவம்" என்றால் ஒருவரும் தூக்க மாட்டார்கள்.

எழுப்புவதற்குப் போனை நம்பாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்தில் கரண்டும் தொலைபேசியும் போனதை எல்லோரும் பார்த்தோம். நாங்கள் முதலில் தப்பு அடிக்கலாம் என்று நினைத்தோம், தொழிலாளரை வேலைக்குக் கூப்பிட அடித்த பழைய பெரட்டுத் தப்பு போல. ஆனால் ஈரத்தில் தோல் தளர்ந்து சத்தமே வரவில்லை; காய்ச்சுவதற்கு நெருப்பு எங்கே போவது? இப்போது தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு இரும்பால் அடிக்கிறோம். விட்டுவிட்டு அடித்தால் தயாராகு, விடாமல் அடித்தால் இறங்கு. வேறு எதற்கும் அதை அடிக்கக் கூடாது, திருவிழாவுக்குக்கூட.

எச்சரிக்கைச் செய்தி சிங்களத்திலும் வரும். தாமதிக்காமல் வாசித்துச் சொல்ல ஒருவரை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

9. இறங்கும் இரவு

செம்மஞ்சள் வந்தவுடன் சப்பாத்துப் போட்ட காலோடு இருங்கள். பின்சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்கக் கூடாது, எல்லோரும் முன்பக்கம். பையைக் கதவடிக்குக் கொண்டுவாருங்கள். ஆடு மாடுகளை இப்போதே அவிழ்த்துவிடுங்கள். இதைச் சிவப்புக்கு விட்டுவைத்தால், பாதி வழியில் யாராவது ஒரு மாமா "மாடு கட்டிக் கிடக்கு" என்று திரும்பிப் போவார். அவரைத் தேடி இன்னொருவர் போவார்.

சிவப்பு வந்ததும் வரிசை இப்படி. காஸை மூடு, மெயின் சுவிட்சை நிறுத்து, கதவைப் பூட்டு. பூட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு: திருட்டுப் பயத்தில் ஒருவர் காவலுக்குத் தங்கிவிடுவதை அது தடுக்கிறது. முதலில் முதியவர்களும் அவர்களைத் தூக்குபவர்களும், நடுவில் பிள்ளைகளும் தாய்மாரும், கடைசியில் ஒரு பொறுப்பாளர். முன்னே ஒரு டோர்ச், பின்னே ஒரு டோர்ச்.

போய்ச் சேர்ந்ததும் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுங்கள், தலையை எண்ணாதீர்கள். வழியில் பக்கத்து லயத்தார் கலந்திருந்தால் எண்ணிக்கை சரியாக வந்து ஆள் குறைந்திருக்கும். எண்ணி முடித்து 117க்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.

வர மறுக்கும் பாட்டியிடம் வாதாட வேண்டாம். மழை எவ்வளவு, சரிவு எத்தனை பாகை என்று விளக்கவும் வேண்டாம். "பிள்ளைங்க ராத்திரி உங்களைத் தேடும் ஆத்தா, அவங்களோட வந்து படுங்க" என்று பேரப்பிள்ளையைக் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இது தவறியதில்லை.

விடிந்துவிட்டது, மழையும் குறைந்தது, தேநீர் வைத்துவிட்டு வரலாம் என்று கிளம்புபவர்களை நிறுத்துங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியது காலை நேரத்தில்தான்.

10. நேரம் தப்பிவிட்டால்

இடி போன்ற தொடர் முழக்கம், மரங்கள் முறியும் சத்தம், கற்கள் மோதும் சத்தம் கேட்டால் பையும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். கீழ்நோக்கி ஓடாதீர்கள், சேறு உங்களைவிட வேகமாக வரும். பள்ளத்தின் கோட்டில் இருந்து பக்கவாட்டாக, அருகில் உள்ள மேட்டுக்கு ஓடுங்கள். படி 1இல் பள்ளம் எங்கே என்று பார்த்தது இதற்கும்தான். வெளியேற முடியாவிட்டால் மலைக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் போய், மேசை போன்ற உறுதியான ஒன்றின் கீழ் சுருண்டு, கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸிலோ வேனிலோ இருந்தால், வெட்டிய மண்சுவருக்குக் கீழே வண்டியை நிறுத்தி மழை விடும்வரை காத்திருக்க விடாதீர்கள். ரோட்டில் சேற்று நீரும் சிறு கற்களும் விழுவதைக் கண்டால் சாரதியிடம் சத்தம் போட்டே சொல்லுங்கள்.

11. திரும்பிப் போவது

மழை விட்ட அன்றே மலை காய்ந்துவிடாது. மேலே ஊறிய நீர் கீழே வந்து சேர நேரம் எடுக்கும். வெயில் அடித்த நாளில் இறங்கிய சரிவுகளும் உண்டு. எச்சரிக்கை நீங்கி, அறிகுறி கண்ட இடங்களை அதிகாரிகள் பார்த்துச் சொல்லும் வரை லயத்தில் இரவு தங்க வேண்டாம். ஏற்கனவே சரிந்த இடத்தின் ஓரங்கள் மீண்டும் இறங்கும், அங்கே போய்ப் படம் பிடிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாருங்கள்.

முதலில் போவது இரண்டு பெரியவர்கள், பகலில். பின்சுவர், தரை, பென்சில் கோடுகள் என்று வரிசையாகப் பார்த்து, மாற்றம் எதுவும் இல்லை என்றால்தான் மற்றவர்களைக் கூப்பிடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் சாமான் எடுக்கவும் உள்ளே போகாதீர்கள். அறுந்த கரண்ட் கம்பியைத் தொடாதீர்கள், பீலித் தண்ணீரைக் கொஞ்ச நாள் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அப்புறம் மழைமானி. அடியில் சேறும் இலையும் சேர்ந்திருக்கும். கழுவி, கற்களைத் திரும்பப் போட்டு, பூச்சியக் கோடு வரை நீர் ஊற்றிக் கம்பில் கட்டுங்கள். கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றில் அன்றைய திகதியை எழுதிவிட்டு, இந்த முறை யார் எழும்பவில்லை, எந்தப் படி உடைந்திருந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பொறுப்பாளர்கள் இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். அதை அந்த வாரமே செய்ய வேண்டும், அடுத்த வாரத்துக்குள் பாதி மறந்துவிடும்.